நம்ம ராம்நாடு உப்பு மண்ணுல பயிருக்கு உதவுற பாக்டீரியாவைப் புடிச்சு, அதோட ஜீனையும் சோதிக்கிறது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியில ஆரம்பிச்சு தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் கடலோரமா இருக்குற நிலத்துல விவசாயம் பாக்குறவங்களுக்கும், இங்க காலேஜ்ல மைக்ரோபயாலஜி, பயோடெக் படிச்சுட்டு புராஜெக்ட்டுக்கு தலைப்பு தேடுற பசங்களுக்கும் சேர்த்து எழுதுறேன். லேப் வேலை வேணாம்னு நினைக்கிற விவசாயிங்க நேரா உயிர் உரப் பாக்கெட் பத்தின 9-வது பகுதிக்குப் போயிருங்க, அதுக்கு முன்னாடி 5-வது பகுதியில நிஃப் ஜீன், பாஸ்பேட் பத்தி எழுதிருக்கறதை மட்டும் படிச்சுட்டுப் போங்க.

ஒரே ஒரு விஷயத்தை மொதல்லயே சொல்லிடுறேன், மத்ததெல்லாம் இதைச் சுத்தித்தான் வரும். ஒரு பாக்டீரியாகிட்ட நல்ல ஜீன் இருக்குங்கறது வேற, அந்த ஜீன் நம்ம உப்பு மண்ணுல வேலை செய்யுதுங்கறது வேற. பெரும்பாலான புராஜெக்ட் ரிப்போர்ட்ல மொத பாதி மட்டும்தான் இருக்கும், பிசிஆர்ல (ஜீன் துண்டைப் பல மடங்கா பெருக்குற டெஸ்ட்) பேண்ட் (அந்தத் துண்டு ஜெல்லுல கோடா தெரியிறது) வந்துச்சு, போட்டோ எடுத்தோம், முடிச்சோம்னு. அந்த பேண்டை வச்சுக்கிட்டு வயல்ல ஒண்ணும் பண்ண முடியாது.

1. உப்பை அளங்க

மண்ணோட ஈசி (உப்பு எவ்வளவுன்னு காட்டுற மின்கடத்துத் திறன்) எவ்வளவுன்னு தெரியாம எந்த வேலையும் ஆரம்பிக்காதீங்க. மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸுக்கு மேல போனா அதை உவர் நிலம்னு சொல்றாங்க, கடல் தண்ணியோட ஈசி கிட்டத்தட்ட 50 இருக்கும். பயிர் எவ்வளவு தாங்கும்னு உலக அளவுல பயன்படுத்துற அட்டவணை ஒண்ணு இருக்கு, அதுல நெல்லுக்கு 3, மிளகாய் வகைக்கு 1.5. அதுக்கு மேல ஒவ்வொரு யூனிட் ஏற ஏற நெல்லுல சுமார் 12 சதவீதம், மிளகாயில சுமார் 14 சதவீதம் மகசூல் குறையும். அப்ப ஈசி 4 இருக்குற வயல்ல நெல்லு 12 சதவீதம் அடி வாங்குனா மிளகாய் 35 சதவீதம் அடி வாங்கும்னு கணக்கு வருது. நம்ம முண்டு மிளகாய் இந்த மண்ணுலயே தலைமுறை தலைமுறையா வளந்தது, 2023-ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு, அது அட்டவணையை அப்படியே கேக்கும்னு இல்ல, ஆனா போக்கு இதுதான். மண்ணைச் சோதிக்க ராமநாதபுரத்துலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு, அங்க விசாரிச்சுக்கோங்க.

பிஹெச்சையும் (மண்ணோட அமில-கார அளவு) கூடவே எழுதி வச்சுக்கோங்க. பின்னாடி பாஸ்பேட் டெஸ்ட்ல அதுதான் நம்மளை ஏமாத்தப் போகுது.

2. எந்த வேர்ல தேடுறது

வேரைச் சுத்தி இருக்குற மண்ணுக்கு ரைசோஸ்பியர்னு 1904-லயே ஹில்ட்னர்ங்கற ஜெர்மன்காரர் பேர் வச்சாரு. அந்த மண்ணுல இருந்து செடிக்கு நல்லது பண்ற பாக்டீரியாவைத்தான் பிஜிபிஆர்னு சுருக்கமா சொல்றோம், 1978-க்கு அப்புறம் குளோப்பர், ஷ்ராத் ரெண்டு பேர் வேலையில இருந்து பரவுன பேர் அது.

உப்புல செத்துப்போகாம நிக்கிற செடியைத் தேடுங்க. நம்ம கடலோரத்துல அதுக்குப் பஞ்சமே இல்ல: உப்பளத்து வரப்புல உமரி, மணல் மேட்டுல ராவணன் மீசை, அடம்பங்கொடி, காரங்காடு பக்கம் கோட்டக்கரை ஆறு கடல்ல சேர்ற எடத்துல அலையாத்தி. இது கூடவே உப்பு ஏறுன வயல்லயும் தப்பிச்சு பச்சையா நிக்கிற ஒண்ணு ரெண்டு மிளகாய்ச் செடி இருக்குமே, அதோட வேரையும் கண்டிப்பா எடுங்க. எனக்குக் கேட்டா அதுதான் முக்கியமான சாம்பிள். உமரி வேர்ல சுகமா இருக்குற பாக்டீரியா மிளகா வேர்ல ஒட்டுமான்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது, மிளகா வேர்ல ஏற்கனவே ஒட்டிக்கிட்டு இருக்குறதுக்கு அந்தச் சந்தேகமே இல்ல பாருங்க.

இது கிடைக்குமா, நடக்குற காரியமான்னு கேட்டா நம்ம தமிழ்நாட்டுலயே நடந்திருக்கு. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுல உப்புத் தண்ணியில வளர்ற காட்டு நெல்லு ஒண்ணு இருக்கு, அதுல இருந்து எடுத்த பாக்டீரியாவுக்கு 2004-ல சுவாமிநாத்தானியா சாலிடாலரன்ஸ்னு எம்.எஸ்.சுவாமிநாதன் பேரை வச்சாங்க. உப்பையும் தாங்கும், காத்துல இருக்குற நைட்ரஜனையும் புடிக்கும், பாஸ்பேட்டையும் கரைக்கும்.

செடியைப் புடிச்சு வெடுக்குனு இழுக்காதீங்க, நுனி வேர் எல்லாம் மண்ணுக்குள்ளயே நின்னுரும், நமக்கு வேண்டியது அங்கதான் இருக்கு. ஒரு சாண் தள்ளி சுத்தி மண்வெட்டியால வெட்டி கட்டியோட தூக்குங்க, லேசா உதறுங்க, உதிர்றது எல்லாம் வேணாம், உதறுன பிறகும் வேரோட ஒட்டிக்கிட்டு இருக்குற ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மண்ணு இருக்கு பாருங்க, அதுதான் சாம்பிள். உமரி வேரை இப்படி எடுத்துப் பாத்தா மத்த மண்ணு பொலபொலன்னு கொட்டிரும், வேர் மேல மட்டும் ஒரு பிசுபிசுப்பான உறை மாதிரி மண்ணு நிக்கும், பாக்டீரியாவும் வேரும் கசிய விடுற பசைதான் அதுக்குக் காரணம். ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே லேபுக்குக் கொண்டு போயிருங்க.

அலையாத்திக் காட்டுக்குள்ள போகணும்னா வனத்துறை அனுமதி வாங்கணும், மன்னார் வளைகுடா 1989-ல இருந்து உயிர்க்கோளக் காப்பகம், தீவு பக்கமெல்லாம் சும்மா எறங்கிறாதீங்க.

3. பிளேட்ல வளக்குறது

10 கிராம் வேர் மண்ணை 90 மில்லி உப்புக் கரைசல்ல போட்டு கலக்கி, பத்துல ஒண்ணா பத்துல ஒண்ணா நீர்த்துக்கிட்டே போய் அகார் பிளேட்ல தேய்க்கணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் சொல்ல வர்றது மீடியத்துல ஆரம்பத்துலயே சோடியம் குளோரைடு போடுங்கங்கறதுதான். சாதாரண நியூட்ரியண்ட் அகார்ல தேய்ச்சு நூறு காலனி எடுத்து அப்புறம் ஒவ்வொண்ணா உப்பு தாங்குமான்னு பாக்குறது வீண் வேலை, 2, 4, 6 சதவீதம்னு மூணு செட் பிளேட் போடுங்க, 28-30 டிகிரியில வச்சு ஒரு வாரம் வரைக்கும் பொறுமையா பாருங்க. மொத நாளே பெருசா வர்றது பெரும்பாலும் பேசில்லஸா இருக்கும், அதையே அள்ளிட்டு வந்துறாதீங்க, நாலாவது அஞ்சாவது நாள்ல குட்டியா வர்றதுலயும் சரக்கு இருக்கும்.

நைட்ரஜன் புடிக்கிறதைத் தேடுறவங்க என்எஃப்பி மீடியம் போடுங்க, பிரேசில்ல யோஹன்னா டோபரைனர் அம்மாவோட குழு அசோஸ்பைரில்லத்துக்காக உருவாக்குனது. அகார் ரொம்பக் கொஞ்சமா போட்டு கொழகொழன்னு வைக்கணும், அசைக்காம வச்சீங்கன்னா மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ பால்ல ஆடை கட்டுற மாதிரி வெள்ளையா மெல்லிசா ஒரு படலம் வரும், பச்சையா இருந்த மீடியம் அங்கிருந்து நீலமா மாறும். ஏன் மேல வராம கீழ நிக்குதுன்னா, நைட்ரஜனைப் புடிக்கிற நைட்ரோஜினேஸ் என்சைமுக்கு ஆக்சிஜன் ஆகாது, ஆனா பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேணும், ரெண்டுக்கும் தோதான ஆழத்தை அதுவே தேடிப் போய் நின்னுக்குது. இதைக் கண்ணால பாத்தாலே அந்த என்சைமை உண்டாக்குற நிஃப் ஜீன் பத்தி பாதி புரிஞ்சுரும்.

4. பேர் வைக்கிறதும் ஆபத்தைப் பாக்குறதும்

16எஸ் ஜீனை (பாக்டீரியா என்ன இனம்னு அடையாளம் காட்டுற ஜீன்) 27எஃப், 1492ஆர் பிரைமர் (பெருக்க வேண்டிய எடத்துல ஒட்டுற சின்ன டிஎன்ஏ துண்டு) வச்சு பெருக்குனா சுமார் 1500 பேஸ் நீளத்துக்கு வரும். சீக்வென்ஸ் பண்ணி என்சிபிஐ பிளாஸ்ட், ஈஸிபயோகிளவுட்ங்கற ரெண்டு ஆன்லைன் தளத்துலயும் போட்டுப் பாருங்க. 98.7 சதவீதத்துக்குக் கீழ ஒத்துப்போனா புது இனமா இருக்க வாய்ப்பு இருக்கு, மேல இருந்தா மட்டும் அதே இனம்னு முடிவு பண்ணிறாதீங்க, பேசில்லஸ்ல பல இனத்துக்கு 16எஸ் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இந்தப் படியைத் தாண்டி ஒரு காலனியையும் கொண்டு போகாதீங்க, ஏன்னா பயிருக்கு நல்லது பண்ற லிஸ்ட்ல இருக்குற சில பேர் மனுஷனுக்கு ஆகாது. சூடோமோனாஸ் ஏருஜினோசா, பர்க்ஹோல்டேரியா செப்பாசியா கூட்டம், கிளப்சியெல்லா நிமோனியே, பேசில்லஸ் செரியஸ் இதெல்லாம் பிளேட்ல எல்லா டெஸ்ட்லயும் அமோகமா பாஸ் ஆகும், ஆக்சின் (செடி வளர்ச்சி ஹார்மோன்) சுரக்கும், பாஸ்பேட் கரைக்கும். அதை பாக்கெட் போட்டு ஒரு விவசாயி வெறுங்கையால விதையில பெசஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. இந்தப் பேர் வந்தா மார்க் நல்லா வரும்னு வச்சுக்கிட்டு இருக்காம ஆட்டோகிளேவ்ல (நீராவி அழுத்தத்துல கிருமியைக் கொல்ற கருவி) போட்டு அழிச்சுட்டு அடுத்த காலனிக்குப் போங்க.

5. ஜீனைத் தேடுறது

டிஎன்ஏ எடுக்கறதுல ஒரு சிக்கல் நம்ம கடலோர பாக்டீரியாவுக்குன்னே இருக்கு, உப்புல வாழுறதுல நிறைய பசை சுரக்கும், அந்தப் பசை டிஎன்ஏவோடயே வந்து பிசிஆரைக் கெடுக்கும். செல்லை ரெண்டு மூணு தடவை உப்புத் தண்ணியில கழுவிட்டு சிடிஏபி முறையில எடுங்க, பேசில்லஸ் மாதிரி தடிச்ச சுவர் உள்ளதுக்கு லைசோசைம் சேத்துக்கோங்க. டிஎன்ஏ சுத்தத்தைக் காட்டுற 260/280 அளவு 1.8 பக்கம் வந்தா போதும்.

*ஏசிடி-எஸ் ஜீன்.* உப்பு மண்ணுக்கு நான் மொத மார்க் போடுறது இதுக்குத்தான். செடிக்கு உப்பு உறைக்க ஆரம்பிச்சா உடம்புல ஏசிசிங்கற பொருள் கூடும், அதுல இருந்து எத்திலீன் வரும், எத்திலீன் கூடுனா வேர் நீள்றது நிக்கும், இலை பழுக்கும், பூவும் இலையும் உதிர்றதுலயும் அதுக்குப் பங்கு உண்டு. ஏசிடி-எஸ் ஜீன் உள்ள பாக்டீரியா ஏசிசி டீஅமினேஸ் என்சைமை உண்டாக்கி, வேர்ல இருந்து கசியிற ஏசிசியை ஒடைச்சு அமோனியாவாவும் ஆல்ஃபா கீட்டோபியூட்டிரேட்டாவும் ஆக்கிரும். அதுக்கு நைட்ரஜன் சாப்பாடு கெடைச்சுது, செடிக்கு எத்திலீன் குறைஞ்சுது. 1978-ல ஜப்பான்ல இந்த என்சைமைக் கண்டுபுடிச்சாங்க, செடியோட சேத்து இந்த விளக்கத்தை 1998-ல கொடுத்தது கனடாவுல பெர்னார்ட் கிளிக் குழு.

இங்க ரெண்டு குழி இருக்கு, ரெண்டுலயும் ஆள் விழுறாங்க. மொத குழி, டி-சிஸ்டீன் டிசல்ஃபைட்ரேஸ்னு ஒரு என்சைம், ஏசிடி-எஸ்ஸுக்கு நெருங்கின சொந்தம், சீக்வென்ஸ் அவ்வளவு ஒத்துப்போகும், குடல் பாக்டீரியா ஈ.கோலைல கூட அது இருக்கு. ஜீனோம் மென்பொருள் பல நேரம் அதையும் ஏசிசி டீஅமினேஸ்னு பேர் ஒட்டிரும். அதனால புரதத்தோட 295-வது எடத்துல குளூட்டமேட்டும் 322-வது எடத்துல லூசினும் இருக்கான்னு கண்ணால பாருங்க, சூடோமோனாஸ் யூடபிள்யூ4-ங்கற ஸ்ட்ரெயினோட (ஒரே இனத்துக்குள்ள தனி வகை) வரிசை பக்கத்துல வச்சு எண்ணணும். அது ரெண்டும் இல்லன்னா அது நம்ம ஆளு இல்ல.

ரெண்டாவது குழி இன்னும் பெருசு. பயறு வகை வேர்முடிச்சு பாக்டீரியா மீசோரைசோபியம் லோட்டியில ஏசிடி-எஸ் ஜீன் இருக்கு, ஆனா அதை ஆன் பண்ற ஸ்விட்ச் நைட்ரஜன் ஜீன்களோட ஸ்விட்ச்தான், அதனால முடிச்சுக்குள்ள இருக்கும்போதுதான் வேலை செய்யும், தனியா மண்ணுல இருக்கும்போது சும்மாதான் இருக்கும். சூடோமோனாஸ்ல அப்படி இல்ல, பக்கத்துல ஏசிசி இருந்தா எல்ஆர்பி வகை ஸ்விட்ச் புரதம் ஜீனை எழுப்பி விட்டுரும். ஒரே ஜீன், ரெண்டு எசமான். அதனால பிசிஆர்ல பேண்ட் பாத்ததோட நிறுத்தாம என்சைம் டெஸ்ட் பண்ணுங்க: டிஎஃப் (டுவொர்கின்-ஃபாஸ்டர்) உப்பு மீடியத்துல நைட்ரஜனுக்கு 3 மில்லிமோலார் ஏசிசி மட்டும் போட்டு ஒண்ணு, அமோனியம் சல்பேட் போட்டு ஒண்ணு, நைட்ரஜனே இல்லாம ஒண்ணு. ஏசிசியை ஆட்டோகிளேவ்ல வச்சுராதீங்க, சூடு தாங்காது, ஃபில்டர் பண்ணி சேருங்க. வெலையும் ஜாஸ்தி, பாத்துப் போடுங்க. கீட்டோபியூட்டிரேட்டை 540 நானோமீட்டர்ல அளந்து, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு மணிக்கு 20 நானோமோல் வந்தாலே செடிக்குப் பலன் தர்ற அளவுன்னு எடுத்துக்கலாம். இதே டெஸ்ட்டை 2 சதவீத உப்பு சேத்தும் பண்ணுங்க, அதுதான் நம்ம ஊர் நம்பர்.

இன்னொண்ணு, எல்லா இனத்துக்கும் ஒரே பிரைமர் ஒத்துவராது. பேண்ட் வரலன்னா ஜீன் இல்லன்னு அர்த்தம் கெடையாது, என்சைம் டெஸ்ட்ல வந்து பிசிஆர்ல வரலன்னா பிரைமரைத்தான் சந்தேகப்படணும்.

*நிஃப் ஜீன்கள்.* எல்லாரும் நிஃப்-ஹெச் ஒண்ணை மட்டும் பெருக்கிக் காட்டுவாங்க, பாலிஎஃப், பாலிஆர் பிரைமர்ல 360 பேஸ் பேண்ட். அது மட்டும் பத்தாது. நிஃப்-ஹெச், டி, கே, ஈ, என், பி ஆறும் சேர்ந்து இருந்தாத்தான் நைட்ரஜன் புடிக்கிற ஆளுன்னு நம்பலாம்னு 2012-ல ஒரு அளவுகோல் வச்சாங்க, நிஃப்-ஹெச் மாதிரியே இருந்துக்கிட்டு வேற வேலை பாக்குற ஜீன்கள் நிறைய உண்டு. நைட்ரஜன் இல்லாத அகார்ல வளருதுங்கறதும் சாட்சி ஆகாது, அகார்லயும் காத்துலயும் இருக்குற துளி அமோனியாவை வச்சே ஓட்டுற ஆளுங்க இருக்காங்க. அசிட்டிலீன் டெஸ்ட் பண்ணுங்க, நைட்ரோஜினேஸ் வேலை செஞ்சா அசிட்டிலீனை எத்திலீனா மாத்தும், அதை அளக்குறதுதான் அது.

விவசாயிக்கு இதுல ஒரு சேதி இருக்கு. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை ஒடைக்க குறைஞ்சது 16 ஏடிபி (செல்லோட சக்திக் காசு மாதிரி) செலவு, அவ்வளவு செலவு பண்ற வேலையை எந்த உயிரும் தேவையில்லாம பண்ணாது. பக்கத்துல அமோனியா இருக்குன்னு தெரிஞ்ச உடனே நிஃப்-ஏ ஸ்விட்ச் ஆஃப் ஆயிரும், அசோஸ்பைரில்லம் ஒரு படி மேல போய் ஏற்கனவே செஞ்சு வச்ச என்சைமுக்கே பூட்டுப் போட்டுரும். அசோஸ்பைரில்லம் போட்ட கையோட யூரியாவையும் அள்ளி விட்டா என்ன நடக்கும்னு இப்ப நீங்களே சொல்லிருவீங்க.

*பாஸ்பேட், ஜிசிடி, பிக்யூக்யூ.* பிக்கோவ்ஸ்காயா 1948-ல சொன்ன அகார், வெள்ளையா கலங்கி இருக்கும், பாஸ்பேட் கரைக்கிற காலனியைச் சுத்தி தெளிவா வட்டம் விழும். பாக்க அழகா இருக்கும், நம்ம மண்ணுக்கு நம்பக் கூடாது. ஏன்னு பாருங்க. கரைக்கிற வேலை பெரும்பாலும் குளூக்கோனிக் அமிலத்தால நடக்குது, அதைச் செய்யிறது ஜிசிடி ஜீன் தர்ற என்சைம், அந்த என்சைமுக்குக் கூடவே பிக்யூக்யூன்னு ஒரு துணைப்பொருள் வேணும், அதைத் தயாரிக்க வேற ஒரு தொகுப்பு ஜீன் வேணும். ஈ.கோலைகிட்ட ஜிசிடி இருக்கு, பிக்யூக்யூ தயாரிக்கிற ஜீன் இல்ல, அதனால என்சைம் இருந்தும் சும்மா கெடக்கும், வெளியில இருந்து பிக்யூக்யூ ஊத்துனா உடனே வேலை செய்யும். அப்ப ஜிசிடியை மட்டும் பெருக்கிக் காட்டுறவங்ககிட்ட பிக்யூக்யூ எங்கன்னு கேளுங்க.

சரி, ரெண்டும் இருக்கு, அமிலமும் சுரக்குது. பிளேட்ல இருக்குற மீடியத்துக்கு அமிலத்தைத் தாங்குற சக்தி கெடையாது, கொஞ்சம் சுரந்தாலே பிஹெச் கீழ வந்து வட்டம் விழுந்துரும். நம்ம கடலோர வயல் பல எடத்துல பிஹெச் 8, அதுக்கு மேலயும் போகும், சிப்பித்தூள், சுண்ணாம்பு கலந்த மண்ணு, கொஞ்சம் அமிலத்தை அப்படியே முழுங்கிட்டு அசையாம இருக்கும். அதனால டிரிஸ் பஃபர் போட்டு பிஹெச் 8-ல நிறுத்துன மீடியத்துல மறுபடி பாருங்க, பிக்கோவ்ஸ்காயால பெரிய வட்டம் போட்ட பல ஆளுங்க இங்க வாயைத் திறக்க மாட்டாங்க. இதுலயும் கரைக்கிறது ஒண்ணு ரெண்டு வந்தா அதைப் பொக்கிஷமா வச்சுக்கோங்க.

*ஆக்சின், ஐபிடி-சி.* டிரிப்டோஃபான்ல இருந்து இண்டோல் அசிட்டிக் அமிலங்கற ஆக்சினைச் செய்யிற வழியில ஐபிடி-சி முக்கியமான ஜீன், அசோஸ்பைரில்லத்துல இதை ஒடைச்சா ஆக்சின் சுமார் 90 சதவீதம் குறைஞ்சு போகுது. டெஸ்ட் சுலபம், டிரிப்டோஃபான் போட்டு வளத்து, செல்லை சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி அடியில இறக்கிட்டு மேல் தண்ணி 1 மில்லிக்கு சால்கோவ்ஸ்கி கரைசல் 2 மில்லி, அரை மணி நேரம் இருட்டுல வச்சா ரோஸ் கலர், 530-ல அளக்கணும். ஆனா அந்தக் கரைசல் மத்த இண்டோல் பொருளுக்கும் கலர் காட்டும், நம்பர் கொஞ்சம் ஊதித்தான் வரும். அளவு ஜாஸ்தியா சுரக்குறதுதான் பெஸ்ட்டுன்னும் நினைச்சுறாதீங்க, ஆக்சின் அளவு மீறுனா வேர் நீளாது.

*உப்பு தாங்குற ஜீன்கள்.* உப்புல செல்லைக் காக்குற எக்டோயின் செய்யிற எக்ட்-ஏபிசி, கிளைசின் பீட்டைன் செய்யிற பெட் ஜீன்கள், பொட்டாசியத்தை உள்ள இழுக்குற கேடிபி, டிஆர்கே. இதையெல்லாம் தனித்தனியா பிசிஆர் பண்ணிக்கிட்டு இருக்க வேணாம், 6 சதவீத உப்புல வளருதுன்னா ஏதோ ஒரு வழி வச்சிருக்குன்னு அர்த்தம், முழு ஜீனோம்ல பாத்துக்கலாம்.

6. முழு ஜீனோம்

மேல சொன்ன எல்லாத்துலயும் தேறுன ஒண்ணு ரெண்டு ஸ்ட்ரெயினுக்கு மட்டும் பணம் செலவு பண்ணுங்க. ப்ரோக்கா இல்லன்னா என்சிபிஐயோட பிகாப் மென்பொருள்ல ஜீன்களைக் குறிச்சு, ஆன்டிஸ்மாஷ்ங்கற மென்பொருள்ல போட்டு என்னென்ன ஆன்டிபயாடிக் தயாரிக்கும்னு பாருங்க. பேசில்லஸ் வெலசென்சிஸ் எஃப்இசட்பி42-ன்னு ஒரு ஸ்ட்ரெயின், 2007-ல ஜீனோம் வந்துச்சு, சுமார் 39 லட்சம் பேஸ்ல 8 சதவீதத்துக்கு மேல இந்த மாதிரி பொருள் செய்யிறதுக்கே ஒதுக்கி வச்சிருக்கு. ரெண்டு மூணு பாக்டீரியாவைக் கலந்து ஒரே பாக்கெட்டா போடலாம்னு நினைக்கிறவங்க இதைப் பாக்காம கலக்காதீங்க, பாட்டிலுக்குள்ளயே ஒண்ணு இன்னொண்ணைக் கொன்னு முடிச்சுரும். ஒரே பிளேட்ல குறுக்கா கோடு இழுத்துப் பாத்தாலே தெரிஞ்சுரும்.

அடுத்து கார்டு டேட்டாபேஸ்ல ஆன்டிபயாடிக் எதிர்ப்பு ஜீன் இருக்கா, இருந்தா குரோமோசோம்லயா பிளாஸ்மிட்லயான்னு (குரோமோசோமுக்கு வெளிய இருக்குற தனி டிஎன்ஏ) பாருங்க. இது ஏன் முக்கியம்னா மண்ணுக்குள்ள ஜீன் சும்மா இருக்காது, கை மாறும். நியூசிலாந்துல லோட்டஸ் செடிக்கு ஒரே ஒரு ரைசோபியம் ஸ்ட்ரெயினைப் போட்டாங்க, சில வருஷம் கழிச்சு முடிச்சைத் திறந்து பாத்தா உள்ளூர் பாக்டீரியாக்கள் உக்காந்திருக்கு, போட்ட ஸ்ட்ரெயினோட 5 லட்சம் பேஸ் நீளத் துண்டு ஜீனை அப்படியே வாங்கி வச்சுக்கிட்டு. 1995-ல வெளியான வேலை இது. நல்ல ஜீன் இப்படிப் போகுதுன்னா கெட்டதும் போகும், நீங்க வயல்ல விடுறது ஒரு பாக்டீரியாவை மட்டும் இல்ல, அதோட பிளாஸ்மிட்டையும் சேத்துத்தான்.

7. ஜீன்தான் காரணம்னு நிரூபிக்கிறது

இது பிஹெச்டி பண்றவங்களுக்கு, மத்தவங்க தாண்டிடலாம். உப்போட, உப்பு இல்லாம வளத்து ஆர்டி-கியூபிசிஆர்ல ஏசிடி-எஸ் எவ்வளவு ஓடுதுன்னு பாருங்க. அதுக்கும் மேல உறுதி வேணும்னா அந்த ஜீனை ஒடைச்ச ஸ்ட்ரெயினை வச்சு செடி வளத்துப் பாக்கணும், கிளிக் குழு 2000-ல யூடபிள்யூ4-ல அப்படித்தான் செஞ்சாங்க, ஜீன் போனதும் கனோலா வேரை நீள வைக்கிற சக்தியும் போச்சு. ஜீன் மாத்துன ஸ்ட்ரெயினுக்கு நிறுவன பயோசேஃப்டி கமிட்டி அனுமதி வேணும், லேபை விட்டு வெளிய, முக்கியமா வயலுக்கு, எடுத்துட்டுப் போகவே கூடாது.

8. தொட்டியில வளத்துப் பாக்குறது

முண்டு மிளகா விதையை ஹைப்போகுளோரைட்ல கழுவி, நல்ல தண்ணியில பல தடவை அலசி, ஒரு மில்லிக்கு 10 கோடி செல் இருக்குற கரைசல்ல அரை மணி நேரம் ஊறப்போடுங்க. மண்ணு உங்க வயல் மண்ணாவே இருக்கட்டும், கோகோபீட்ல காட்டுற வளர்ச்சி எனக்கு வேணாம். சும்மா விதை, உப்பு மட்டும், பாக்டீரியா மட்டும், உப்பும் பாக்டீரியாவும், இது நாலும் எல்லாரும் வைப்பாங்க. அஞ்சாவதா சூடு பண்ணிக் கொன்ன பாக்டீரியாவை வச்சு ஒரு வரிசை கண்டிப்பா வைங்க. செத்த செல்லே ஒரு சத்துதான், அதுலயும் செடி கொஞ்சம் தழையும், அந்த வித்தியாசத்தைக் கழிச்சாத்தான் உசுருள்ள பாக்டீரியா செஞ்ச வேலை தெரியும்.

செடியைப் புடுங்கும்போது உயரம், வேர் நீளம், காய்ஞ்ச எடை எடுக்கறதோட இலையில சோடியம், பொட்டாசியம் அளங்க, பொட்டாசியம் பங்கு கூடியிருந்தா நல்ல சேதி. வேர்ல இருந்து திரும்பவும் பாக்டீரியாவை எடுத்து பாக்ஸ்-பிசிஆர்ல டிஎன்ஏ கைரேகை பாருங்க, நீங்க போட்ட ஆளுதான் அங்க இருக்கானா, இல்ல உள்ளூர் ஆளு எடத்தைப் புடிச்சுட்டானான்னு. தொட்டியில தேறுனா மழை பாத்து வயல்ல சின்னப் பாத்தியில போடுங்க. வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவி கீழ இறக்குன நேரத்துல எல்லாமே நல்லா இருக்குற மாதிரி தெரியும், தைக்கு மேல மண்ணு காய்ஞ்சு உப்பு மேல ஏறும்போது எடுக்குற அளவுதான் கணக்கு.

9. பாக்கெட் வாங்குற விவசாயிக்கு

எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் கேட்டாரு, "ஏப்பா, இந்தப் பாக்கெட்டுக்குள்ள இருக்கறது உசுரோட இருக்கா, செத்துப்போச்சான்னு நாங்க எப்படிப்பா கண்டுபுடிக்கிறது?"

"கண்ணால பாத்துக் கண்டுபுடிக்க முடியாது சித்தப்பு, தேதியும் வச்சிருந்த எடமும்தான் சொல்லும்."

"கடையில வெயில்லல்ல அடுக்கி வச்சிருக்கான்."

"அப்ப அந்தக் கடையில வாங்காதிய."

இதுக்கு மேல சொல்ல ரொம்ப இல்ல. உரக் கட்டுப்பாட்டு ஆணையில 2006-ல இருந்து உயிர் உரமும் வருது, தூள் பாக்கெட்ல கிராமுக்கு குறைஞ்சது 5 கோடி, திரவத்துல மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல் இருக்கணும். கடைசித் தேதி பாத்து வாங்குங்க, நிழல்ல வைங்க. ஆறுன கஞ்சித் தண்ணியில கலந்து விதையில பெரட்டி, நிழல்ல அரை மணி நேரம் உலத்தி உடனே விதைச்சுருங்க. பூஞ்சாண மருந்து போட்ட விதையில அப்படியே பெரட்டாதீங்க. கலக்குறதுக்கு உப்பு போர் தண்ணி வேணாம், குடிக்கிற தண்ணி எடுங்க. வயல்ல போடுறதா இருந்தா மக்குன சாணி எருவோட கலந்து ஈரம் இருக்கும்போது சாயங்காலமா போடுங்க, யூரியாவைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க, காரணம் மேல நிஃப் பகுதியில இருக்கு.

உப்பு ஈசி 10, 12-ன்னு ஏறிப்போன நெலத்துல எந்தப் பாக்கெட்டும் காப்பாத்தாது, அங்க மொதல்ல வடிகால் வெட்டி மழைத் தண்ணியைக் கட்டி உப்பைக் கழுவணும். பாக்டீரியா நடுத்தர உப்புல கொஞ்சம் தூக்கி விடும், அவ்வளவுதான்.

10. ஸ்ட்ரெயினைப் பத்திரப்படுத்துறது

நல்ல ஸ்ட்ரெயின் கெடைச்ச அன்னைக்கே 20-25 சதவீதம் கிளிசரால் போட்டு மைனஸ் 80-ல அஞ்சாறு குழாய் வச்சிருங்க. ஸ்லாண்ட்ல (சாய்ச்சு உறைய வச்ச அகார் குழாய்) வச்சு மாசா மாசம் மாத்தி மாத்தி வளத்துக்கிட்டே இருந்தா, சத்தான மீடியத்துல உப்பும் இல்ல, பசியும் இல்ல, பிளாஸ்மிட்டைச் சொமக்குறதுக்கு அதுக்கு அவசியமே இல்ல, கொஞ்ச நாள்ல தூக்கிப் போட்டுரும், அதுலதான் உங்க ஜீன் இருந்துச்சுன்னா போச்சு. வேலைக்கு எடுக்குற குழாயை உப்பு போட்ட மீடியத்துலயே வளத்துக்கோங்க, புதுக் குழாய் திறக்கும்போதெல்லாம் ஏசிசி மீடியத்துல வளருதான்னு ஒரு தடவை பாத்துருங்க.

ஒரு பிரதியை வெளியில டெபாசிட் பண்ணுங்க, சண்டிகர் எம்டிசிசி, புனே என்சிஎம்ஆர், உத்தரப்பிரதேசம் மவ்-ல இருக்குற வேளாண் நுண்ணுயிர் சேமிப்பு மூணுலயும் வாங்குவாங்க. காப்புரிமை எடுக்கப் போறீங்கன்னா 2002 பல்லுயிர்ச் சட்டப்படி தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கிட்ட போகணும், ஆபீஸ் சென்னையிலதான் இருக்கு. கல்ச்சரை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பணும்னாலும் விதியைக் கேட்டுக்கிட்டு அனுப்புங்க. குழாய் மேல வெறும் நம்பர் மட்டும் எழுதி வைக்காதீங்க, ஊரு, எந்தச் செடி வேரு, மண்ணோட ஈசி, பிஹெச், எடுத்த தேதி அஞ்சையும் அழியாத பேனாவுல எழுதி, அதையே ஒரு நோட்டுலயும் ஏத்தி வைங்க.